வெயில் ஏறுவதற்குள் 21 கிலோமீட்டர்: கிராமத்துப் பாதையில் முதல் அரை மாரத்தான்

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் காலை ஆறே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். அதுதான் தவறு, அன்று நடந்த மற்றதெல்லாம் அதன் பின்விளைவு. திருவையாற்றிலிருந்து மேற்கே, காவிரிக் கரையை ஒட்டிப் பத்து கிலோமீட்டர் ஓடித் திரும்புவது திட்டம். போகும்போது வெயில் முதுகில் இருந்தது, சுகமாகவும் இருந்தது. திரும்பியபோது அதே வெயில் முகத்தில் அறைந்தது. பதினான்காவது கிலோமீட்டரில் தோல் சில்லிட்டு, கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. அந்த வெக்கையில் உடம்பு குளிர்ந்தால் அது நல்ல அறிகுறி இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. வயலோரம் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டின் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

மண்வெட்டியோடு வந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, பஸ்ஸை விட்டுவிட்டாயா?" என்று கேட்டார். ஓட்டப் பயிற்சி என்றேன். "இந்த வெயிலிலா?" என்றவர் வேறொன்றும் சொல்லாமல், தூக்குவாளியிலிருந்து உப்புப் போட்ட நீராகாரத்தை மூடியில் ஊற்றி நீட்டினார். தலையில் பம்புசெட் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொள்ளச் சொன்னார். என் உடம்புக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது அந்த இரண்டும்தான். நான் படித்துவைத்திருந்த பயிற்சி அட்டவணை எதிலும் அது இல்லை.

கிராமப்புறத்தில் அரை மாரத்தான் ஓட விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் போட்டி கைக்கடிகாரத்தோடு இல்லை, சூரியனோடு. எந்த மாதம் ஓடுவது, எத்தனை மணிக்கு எழுவது, எவ்வளவு மெதுவாகத் தொடங்குவது, எங்கே தண்ணீர் வைப்பது என்று கீழே சொல்லும் எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன.

தேதியை முதலில் பிடியுங்கள்

அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் முழு மாரத்தானின் 42.195. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பம் அமரும் இடத்துக்கு முன்னால் முடியும்படி அளந்த தூரம் அது; 1921இல் அதுவே நிலைத்தது. யாரோ ஒரு ராணியின் வசதிக்காக நாம் கடைசியில் 97 மீட்டர் கூடுதலாக ஓடுகிறோம். அந்த 97 மீட்டரில் நீங்கள் ஒருமுறையாவது இதை நினைத்துக்கொள்வீர்கள்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஓடுவதற்கு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடு வரைதான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் முறுக்கேறியிருக்காது. முதல் ஓட்டத்துக்கு நான் கைகாட்டுவது புதுச்சேரியை அடுத்த ஆரோவில் மாரத்தான். 2008இல் தொடங்கியது, பிப்ரவரியில் நடப்பது. பரிசுப் பணத்துக்கான பந்தயமாக இல்லாமல் ஓடும் மகிழ்ச்சிக்காக என்றே தொடங்கப்பட்டதால், புதிதாக வருகிறவரை யாரும் முழங்கையால் தள்ளிவிட்டுப் போவதில்லை. பாதையில் பெரும்பகுதி செம்மண் தடம். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அரித்து வெடித்துக் கிடந்த பொட்டல் நிலம் அது. பிறகு நட்டு வளர்த்த மரங்கள் இன்று நிழல் தருகின்றன. அந்த நிழலுக்காகவே அதை முதல் ஓட்டமாகச் சொல்கிறேன். பதிவு பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும்; இடங்கள் நிறைந்துவிடுவதும் உண்டு. ஆகவே அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிப்ரவரியில் ஓட்டம் என்றால் பயிற்சியை அக்டோபரில் தொடங்க வேண்டும். கணக்கு பதினாறு வாரம். ஐப்பசி மழையில் தொடங்கி, மார்கழிப் பனியைக் கடந்து, தை அறுவடையில் முடியும். ஒவ்வொரு பருவத்துக்கும் தனித் தொல்லை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது என்றவர்கள், காலணி வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

பாதையை அளப்பது

கைப்பேசிச் செயலி தூரத்தைச் சொல்லிவிடும். ஆனால் என் கைப்பேசி மூங்கில் தோப்புக்குள் நுழைந்தால் குழம்பிவிடுகிறது. சாலையோரக் கற்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தலையில் மஞ்சள் பூசிய மைல்கல் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும். அங்கே ஓட வேண்டாம். பச்சை, மாநில நெடுஞ்சாலை, அங்கேயும் வேண்டாம். ஆரஞ்சு நிறத் தலை தெரிந்தால் கிராமச் சாலை, அதுதான் நமக்கு. இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எண் எழுதிய குட்டைக் கற்கள் நிற்கும் சாலைகளும் உண்டு. அவை 200 மீட்டருக்கு ஒன்று. ஓடி நடந்து, ஓடி நடந்து பழகுகிறவருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது: மூன்று கல் ஓட்டம், ஒரு கல் நடை.

நீண்ட ஓட்டத்துக்கு ஒரே நேர்கோட்டில் போய்த் திரும்பும் பாதையைவிட, ஐந்து அல்லது ஆறு கிலோமீட்டர் சுற்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று நான்கு முறை சுற்றுவது மேல். சலிப்புத்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் தண்ணீர்ப் பாட்டிலைக் கடக்கிறீர்கள். முடியவில்லை என்றால் வீடு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் சுற்றுப் பாதைக்கு மாறிவிட்டேன். நேர்கோட்டில்தான் போக வேண்டும் என்றால், காலையில் முதலில் கிழக்கே போங்கள். திரும்பும்போது வெயில் முதுகுக்குப் போய்விடும்.

மேடு பற்றி ஒன்று. எங்கள் தஞ்சைப் பகுதியில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள் வரும். அந்த ஏற்றங்கள்தான் எங்களுக்கு மலைப் பயிற்சி. ஆரோவில் தடம் செங்குத்தானது அல்ல, ஆனால் ஏறியும் இறங்கியும் போகும். சமவெளிக்காரர்கள் வாரம் ஒருமுறை பாலத்தின் ஏற்றத்தில் ஆறு ஏழு முறை ஏறி இறங்கிப் பழகுங்கள்.

பதினாறு வாரம்

தொடங்கும்போது உங்களுக்கு ஒரே ஒரு தகுதி போதும்: நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் நடக்க முடிய வேண்டும். அது முடியவில்லை என்றால் ஒரு மாதம் நடந்துவிட்டு வாருங்கள்.

வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாளும் முப்பது முதல் ஐம்பது நிமிடம். அதில் ஒரு நாள் பால ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். அதன் தூரம் வார வரிசைப்படி இப்படிப் போகட்டும்: 5, 6, 7, 6, பிறகு 8, 9, 10, 8, பிறகு 11, 12, 14, 11, பிறகு 16, 18, 10, கடைசி வாரம் ஓட்டம். நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது வாரங்களில் தூரம் குறைவதைப் பார்த்திருப்பீர்கள். எலும்பும் தசைநாரும் பலப்படுவது அந்த வாரங்களில்தான். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அந்த வாரத்திலும் கூட்டி ஓடியவர்கள் ஐந்தாம் வாரம் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் 21 கிலோமீட்டரைத் தொடத் தேவையில்லை. 18 ஓடியவர் மீதி மூன்றை அன்றைய ஆரவாரத்தில் ஓடிவிடுவார்.

வேகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் யாரும் கேட்பதில்லை. மெதுவாக ஓடுங்கள். நீங்கள் மெதுவு என்று நினைப்பதைவிட மெதுவாக. பக்கத்தில் வருகிறவரிடம் நேற்று இரவு வீட்டில் என்ன குழம்பு, அது ஏன் சரியாக வரவில்லை என்பதை மூச்சு இறைக்காமல் முழுதாகச் சொல்ல முடிகிறதா? அதுதான் சரியான வேகம். ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது என்றால் வேகம் அதிகம். புதியவர்கள் பலருக்கு இது கிலோமீட்டருக்கு எட்டு, எட்டரை நிமிடமாக அமையும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதில் கிராமத்தில் ஒரு சிக்கல் உண்டு. விடியற்காலையில் சாலையில் ஓடும் இளைஞர்களில் பெரும்பாலோர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். அவர்களுக்கு இலக்கு 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிப்பது. அதாவது கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம் நாற்பது நொடி. அந்தக் கூட்டம் உங்களைக் கடந்து போகும்போது கால் தானாக வேகம் பிடிக்கும். பிடிக்க விடாதீர்கள். அவர்கள் முடித்துவிட்டுச் சிறுபாலத்துச் சுவரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஒருமுறை அவர்களில் ஒருவன், "அண்ணே, இன்னும் எத்தனை சுற்று?" என்று கேட்டான். இரண்டு என்றேன். அந்த முகத்தைப் பார்த்த திருப்தி எனக்கு ஒரு மாதம் போதுமானதாக இருந்தது.

வலி வந்தால் என்ன செய்வது? தசை வலி, பொதுவான அலுப்பு என்றால் ஓடலாம். ஒரே புள்ளியில் குத்துகிறது, அல்லது வலியால் ஓடும் விதமே மாறுகிறது என்றால் நிறுத்துங்கள். கிராமச் சாலையின் நடு உயர்ந்தும் ஓரம் சரிந்தும் இருக்கும். எதிரே வரும் வண்டியைப் பார்த்து வலப்பக்கம் ஓடுவதுதான் பாதுகாப்பு. ஆனால் எப்போதும் ஒரே சரிவில் ஓடினால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் முறையிடும். வண்டியே இல்லாத நேரத்தில் நடுச்சாலைக்கு ஏறிக்கொள்ளுங்கள்.

நாய், முள், நெல், கோலம்

நாய்தான் முதல் கவலை, அது நியாயமான கவலையும்கூட. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடையாக்குங்கள். முதுகைக் காட்டாதீர்கள், கண்ணோடு கண் பார்க்கவும் வேண்டாம். குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தாலே நம் ஊர் நாய்கள் பெரும்பாலும் பின்வாங்கும். கல்லை எறியத் தேவையில்லை. ஒரே பாதையில் இரண்டு வாரம் போனால் பழகிவிடும். நான் பிஸ்கட் போட்டுப் பழக்கினேன். அதன் விளைவாக ஒரு செவலை நாய் தினமும் இரண்டு கிலோமீட்டர் என் முன்னால் ஓடி, அடுத்த தெரு நாய்களோடு என் பொருட்டுச் சண்டைக்குப் போனது. பிஸ்கட்டை நான் பரிந்துரைப்பதில்லை. கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சொல்லும் தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிடுவது ஆபத்து.

மழைக்காலத்தில் பாம்பு. வரப்பில் தண்ணீர் நின்றால் அவையும் மேட்டுக்கு, அதாவது சாலைக்கு, வந்துவிடும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. விடியும் முன் ஓடுகிறவர் தலையில் டார்ச் விளக்குக் கட்டிக்கொள்ளாமல் கரைப் பாதையில் இறங்கவே கூடாது. கடி பட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள்.

டார்ச்சைப் பற்றி இன்னொன்று. வெளிச்சம் தரையைப் பார்த்து இருக்கட்டும், சாலையின் இரு பக்கமும் வீச வேண்டாம். இருட்டு விலகும் முன் வயலோரம் ஒதுங்க வருகிறவர்கள், அதிலும் பெண்கள், இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். தூரத்தில் ஆள் அரவம் தெரிந்தால் இருமிவிட்டு, தலையைத் திருப்பாமல் கடந்துவிடுங்கள். ஊருக்குள் உங்களைப் பற்றிய பெயர் இதில்தான் முடிவாகும்.

இடி இடித்தால் உடனே ஓட்டம் முடிந்தது. நெல் வயலுக்கு நடுவே ஓடும் சாலையில் மிக உயரமான பொருள் நீங்கள்தான். மரத்தடி வேண்டாம்; கட்டடத்துக்குள் போங்கள்.

மார்கழியில் பனி மூட்டம். பால் வண்டிக்காரருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். வெளிர் நிறச் சட்டையும் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டையும் அந்த ஒரு மாதமாவது கட்டாயம். ஆனால் ஓடுவதற்கு அதைவிட அழகான மாதமும் இல்லை. ஐந்து மணிக்கு ஒரு கோயிலின் ஒலிபெருக்கி தேய்ந்து மறையும் இடத்தில் அடுத்த ஊர்க் கோயிலின் ஒலிபெருக்கி தொடங்கும். ஊர் மாறியதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். தெருவுக்குள் நுழைந்தால் வாசல் வாசலாகக் கோலம், சாண உருண்டையில் பரங்கிப்பூ. சில தெருக்களில் கோலம் சாலையின் பாதி வரை வந்துவிடும். மிதிக்காமல் வளைந்து வளைந்து ஓட வேண்டும். ஒருமுறை வேகத்தில் குதிகாலால் கோலத்தில் ஓர் இழையை அழித்துவிட்டேன். கோலப் பொடியோடு குனிந்திருந்த அம்மா நிமிர்ந்து, "திரும்பி வரும்போதும் இந்த வழிதானே வருவாய்?" என்றார். மிரட்டலா விசாரிப்பா என்று தெரியவில்லை. வேறு தெரு வழியாகத் திரும்பினேன்.

தையில் சம்பா அறுவடை. நெல்லைச் சாலையில் பாதி அகலத்துக்குப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம், காலணியோடு அதன்மேல் ஓடாதீர்கள். போதாததற்கு, நெல்மணி தார்ச் சாலையில் சறுக்கும். அந்த மாதத்தில் அறுவடை இயந்திரமும் டிராக்டரும் இருட்டிலேயே புறப்பட்டுவிடும். சத்தம் கேட்டதும் ஓரம் போய் நின்றுவிடுங்கள்.

கடைசியாக முள். சீமைக் கருவேலம் வெட்டிய ஓரங்களில் முள் இறைந்து கிடக்கும். அது காலணியின் அடிப்பகுதியைத் துளைத்து, உடனே குத்தாமல், ஓரிரு நாள் கழித்து நீங்கள் பாலத்தில் இறங்கும்போது முன்பாதத்தில் குத்தும். ஓட்டம் முடிந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் காலணியைத் திருப்பிக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக ஒரு புள்ளி தட்டுப்பட்டால் அதுதான். வீட்டில் புருவம் திருத்தும் இடுக்கி இருந்தால் உரியவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் தனியாக இருட்டில் போவதைவிட, சைக்கிளிலோ டிவிஎஸ் 50இலோ கூட ஒருவரை வரச் சொல்வது நல்லது. பாதுகாப்பு மட்டுமா, தண்ணீரும் வண்டியில் வந்துவிடும். என் தங்கைக்கு எங்கள் சித்தப்பா அப்படித்தான் வருகிறார். பாதி தூரம் வண்டியில் தூங்கி வழிந்தாலும் வருகிறார். யார் ஓடினாலும், எந்த வழி, எப்போது திரும்புவேன் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காலுக்கும் உடம்புக்கும்

காலணியை மாலையில் வாங்குங்கள்; கால் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். செம்மண் தடத்துக்கு அடியில் கொஞ்சம் பள்ளம் பள்ளமாகப் பிடிமானம் உள்ள சாதாரண ஓட்டக் காலணி போதும். விலை உயர்ந்ததே தேவை என்பது கடைக்காரரின் கருத்து. ஓட்ட நாளில் புதுக் காலணி கூடாது.

பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கொப்புளம் போடும். செயற்கை இழைக் காலுறை வாங்குங்கள். தொடை உரசும் இடம், அக்குள், உள்ளாடை விளிம்பு எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். ஆண்கள் மார்க்காம்புகளில் சிறு பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். இதைப் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பதினாறு கிலோமீட்டர் ஓடி வீட்டுக்குள் நுழைந்தபோது என் வெள்ளைச் சட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகள் இறங்கியிருந்ததைப் பார்த்து, பாட்டி தெருவுக்கே கேட்கும்படி அலறினார். அதன்பிறகு அன்று குளிக்கும்போது நானும் அலறினேன்.

தண்ணீர், உப்பு, சோறு

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் குடிக்கும் தண்ணீர் போதும். அதற்கு மேல் என்றால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது தவறு. வியர்வையில் போவது உப்பும்தான். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கி மயங்குகிறவர்களும் உண்டு. தாகத்துக்குக் குடியுங்கள், போட்டிக்குக் குடிக்காதீர்கள்.

வீட்டில் தயாரிப்பது எளிது: ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்திபேதிக்குக் கொடுக்கும் அதே கரைசல்தான். எலுமிச்சை பிழிந்தால் இறங்கும். இளநீர் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். பாட்டில்களை முதல் நாள் மாலையே சுற்றுப் பாதையில் டீக்கடையிலோ பால் சொசைட்டியிலோ சொல்லிக் கொடுத்துவையுங்கள். புதரில் ஒளித்துவைத்த என் பாட்டிலை ஆடு மேய்க்கும் பையன் குடித்துவிட்டு, காலிப் பாட்டிலை ஒழுங்காக மூடி அங்கேயே வைத்திருந்தான்.

ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் வயிற்றுக்கும் ஏதாவது வேண்டும். பாதி வாழைப்பழம், விதை நீக்கிய இரண்டு பேரீச்சை, ஒரு துண்டுக் கருப்பட்டி, எது ஒத்துக்கொள்கிறதோ அது. கடலைமிட்டாயை முயன்றேன், ஓடிக்கொண்டே மெல்லுவதற்குள் ஒரு கிலோமீட்டர் போய்விடுகிறது, பொடி தொண்டையில் சிக்குகிறது. ஓடும் முன் இரண்டு மணி நேரத்துக்கு முந்தி இரண்டு இட்லி, சர்க்கரையோ கொஞ்சம் சாம்பாரோ. மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் வேண்டாம், காரணத்தைப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தெரிந்துகொள்வீர்கள். எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சோதித்துவிடுங்கள். ஓட்ட நாளில் புது உணவு கூடாது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேண்டவே வேண்டாம்.

ஓட்ட நாள்

முதல் நாளே போய்ச் சேருங்கள், எண் அட்டையை வாங்கிவிடுங்கள். அட்டையின் பின்புறம் பெயர், ரத்த வகை, வீட்டு எண், இருக்கும் நோய், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் பேனாவால் எழுதுங்கள். நான்கு ஊக்குகளை அன்றிரவே சட்டையில் குத்திவையுங்கள். இருட்டில், பதற்றத்தில், விரலில்தான் குத்தும். தூக்கம் வராது. பரவாயில்லை, அதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

தண்ணீர் வைத்திருப்பார்கள் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு சிற்றூரில் நடந்த ஓட்டத்தில், பெயர் வேண்டாம், பதினைந்தாவது கிலோமீட்டர் மேசைக்கு நான் போனபோது காலிக் குவளைகளும் மன்னிப்புக் கேட்ட ஒரு சிறுவனும்தான் இருந்தார்கள். வேகமாக ஓடியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது; மெதுவாக ஓடுகிறவருக்குத்தான் தாகம் அதிகம், மிஞ்சுவது குறைவு. அரை லிட்டர் கையிலோ இடுப்பிலோ இருக்கட்டும்.

தொடக்கக் கோட்டில் பின்னால் நில்லுங்கள். மூன்று மணி நேரத்தில் முடிக்க நினைக்கிறவருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். முதல் ஐந்து கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு எட்டே முக்கால் நிமிடம் வீதம் ஓடுங்கள். எல்லாரும் உங்களைக் கடந்து போவார்கள், போகட்டும். அடுத்த பத்தை எட்டரை நிமிடம் வீதம். மீதியைக் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் இருபது நொடி வீதம். மூன்று மணி நேரம் ஆவதற்கு அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக முன்பே முடிந்துவிடும். பிப்ரவரித் தொடக்கத்தில் புதுச்சேரிப் பக்கம் சூரியன் உதிப்பது ஏறத்தாழ ஆறரை மணிக்கு. ஆறு மணிக்குத் தொடங்குகிற ஒருவர் கடைசி ஐந்து கிலோமீட்டரை எட்டேகாலுக்குப் பிறகுதான் ஓடுவார். அப்போது வெயில் மரங்களுக்கு மேலே வந்திருக்கும். முதல் ஐந்தில் மிச்சம் பிடித்ததுதான் அங்கே செலவுக்கு ஆகும். வெயிலில் வேகம் தானாகக் குறைந்தால் கணக்கை விட்டுவிடுங்கள், உடம்பு சொல்வதே சரி.

செம்மண் தடத்தில் இரண்டு விஷயம். மரவேர்கள் குறுக்கே ஓடும். களைத்த பிறகு பாதம் உயராது, தட்டுவது அப்போதுதான். பார்வை நான்கைந்து அடி முன்னால் இருக்கட்டும். இறக்கத்தில் சரளைக்கல் உருளும். எட்டி வைக்காமல் குட்டிக் குட்டி அடியாக இறங்குங்கள். காலணிக்குள் கல் புகுந்தால் நின்று எடுத்துவிடுங்கள். அரை நிமிடம் போகும், அது எடுக்காமல் விட்டால் வரும் கொப்புளத்தைவிட மலிவு.

தலை சுற்றல், குமட்டல், என் கதையில் வந்த அந்தச் சில்லிப்பு, இவற்றில் எது வந்தாலும் நிழலில் நின்று தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொன்னாலோ, அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உங்கள் ஓட்டத்தை அங்கே விட்டுவிட்டு அவரைக் குளிரவையுங்கள், ஆள் அனுப்புங்கள்.

முடிந்த பிறகு

உட்காராதீர்கள். பத்து நிமிடம் நடங்கள், உப்புக் கரைசல் குடியுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். சிறுநீர் அடர்ந்த பழுப்பாக, காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த இரண்டு நாள் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்க வேண்டியிருக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓட்டம் வேண்டாம்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்க வழி வேண்டும். செம்மண் படிந்த காலுறையைத் துவைக்கும்போது வெள்ளைத் துணிகளோடு சேர்க்காதீர்கள். என் முதல் ஜோடி இன்னமும் செங்கல் நிறத்தில்தான் இருக்கிறது, அதே சலவையில் மாட்டிய சித்தப்பாவின் வேட்டியும்.